தொழில்நுட்ப முகாமைத்துவம், புத்தாக்கம், பொதுக்கொள்கை மாஸ்டர்ஸ்: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

கம்பஸ் முடிச்சிட்டு டிஎஸ் ஒஃபிஸ்ல, பாங்க்ல, ஸ்கூல்ல, ஐடி கொம்பனில வேலை செய்ற தம்பி தங்கச்சிமார் அடுத்து என்ன படிக்கலாம் எண்டு கேக்கக்குள்ள இந்தப் படிப்ப பத்தியும் கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத விட எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வச்சா வாசிச்சிட்டு மிச்சத்த கேக்கலாம் எண்டுதான் இது. ஒரு விசயம் முதல்லயே சொல்லிடுறன், கோர்ஸ்ட பேர பாத்து ஓடாதீங்க, எங்கட ஊர்ல இருக்கிற ஒரு பிரச்சினைய கையில எடுத்துக்கொண்டு அதுக்கு எந்தப் படிப்பு உதவும் எண்டு தேடுங்க. கீழ இருக்கிற பதில் எல்லாம் அந்த நினைப்போடதான் எழுதி இருக்கன்.

இது உண்மையில என்ன படிப்பு? பேரே மூணு இருக்கே?

2022 ஜூலைல வந்த பெற்றோல் கியூஆர் கோட் ஞாபகம் இருக்கும்தானே. நெஷனல் ஃபுவல் பாஸ். அந்த ஒரு விசயத்த வச்சே மூணையும் சொல்லலாம்.

நாடு முழுக்க இருக்கிற வாகனத்த எல்லாம் கொஞ்ச நாளுக்குள்ள ஒரு சிஸ்டத்துக்குள்ள கொண்டு வரணும், சேர்வர் விழக்கூடாது, செட்ல நிக்கிற பெடியன் ஃபோன்ல ஸ்கேன் பண்ணப் பழகணும், பிழை வந்தா யார் திருத்துறது எண்டு தெரிஞ்சிருக்கணும். இது தொழில்நுட்ப முகாமைத்துவம். அந்தக் கோட ஸ்மார்ட் ஃபோன் இல்லாதவங்க பிரிண்ட் எடுத்து லெமினேட் பண்ணி பேர்ஸுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சாங்க, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல, சனமே கண்டுபிடிச்ச வழி அது. ஒரு புதுச் சாமான் எப்படி பரவுது, சனம் அத எப்படி தங்கட கைக்கு ஏத்த மாதிரி மாத்துது, ஏன் ஒண்டு ஓடுது மற்றது படுத்துடுது எண்டு படிக்கிறதுதான் புத்தாக்கம். பிறகு, வாகனத்துக்கு கோட்டா குடுத்தாச்சு, வள்ளத்துக்கும் வயலுக்கு தண்ணி இறைக்கிற பம்புக்கும் நம்பர் பிளேட் இல்லையே, அவங்களுக்கு எண்ணெய் எப்படி, யாருக்கு எவ்வளவு எண்டு முடிவு எடுக்கிறது யாரு, அந்த முடிவால நட்டப்படுறது யாரு எண்டு கேக்கிறது பொதுக்கொள்கை.

மூணும் ஒண்டுக்குள்ள ஒண்டு. சில கம்பஸ்ல தனித்தனி டிகிரியா குடுப்பாங்க, சில இடத்தில ஒண்டாக் கட்டிக் குடுப்பாங்க.

எம்பிஏ செய்தா காணாதா?

உங்கட கேள்வி "இந்தக் கொம்பனிய எப்படி நல்லா நடத்துறது" எண்டா எம்பிஏ காணும். "நாங்க இந்த மெசின வாங்கணுமா, சொந்தமா செய்யணுமா, இன்னும் அஞ்சு வருஷத்தில இது பழசாப் போயிடுமா" எண்டு மண்டைய குடையுதெண்டா தொழில்நுட்ப முகாமைத்துவம் பக்கம் போங்க. "அரசாங்கம் ஏன் இப்படிச் செய்யுது, வேற மாதிரி செய்திருக்கலாமா" எண்டுறது தூக்கத்தக் கெடுக்குதெண்டா பொதுக்கொள்கைதான் உங்கட இடம். ப்ரொமோஷனுக்கு ஒரு மாஸ்டர்ஸ் பேப்பர் மட்டும் தேவை எண்டா, நேர சொல்றன், கிட்ட இருக்கிறத செய்யுங்க, காசும் மிச்சம் நேரமும் மிச்சம், அதில பிழை ஒண்டும் இல்ல.

இஞ்சினியரிங் படிக்காதவங்க செய்யலாமா? நான் ஆர்ட்ஸ், அதுவும் தமிழ் மீடியம்.

கொள்கைப் பக்கம் தாராளமா வரலாம். பொருளியல், அரசறிவியல், புவியியல், சமூகவியல், விவசாயம், சட்டம், மருத்துவம் எண்டு எல்லாப் பக்கத்தில இருந்தும் ஆக்கள் வாற துறை இது. தொழில்நுட்ப முகாமைத்துவத்துக்கு மட்டும் அனேகமா சயன்ஸ், ஐடி, இஞ்சினியரிங் டிகிரி கேப்பாங்க, கொஞ்ச வருஷ வேலை அனுபவமும் கேப்பாங்க.

தமிழ் மீடியம் விசயம் ஒரு தடைதான், இல்ல எண்டு சொல்ல மாட்டன். மாஸ்டர்ஸ் அனேகமா எல்லா இடமும் இங்கிலீஷ்லதான், கிழமைக்கு கட்டுக் கட்டா வாசிக்கத் தருவாங்க. ஆனா நான் கண்டதில தமிழ்ல தெளிவா யோசிச்சு எழுதத் தெரிஞ்ச ஆக்கள் ஒரு வருஷம் ஒழுங்கா வாசிச்சா இங்கிலீஷ்லயும் எழுதிடுவாங்க, யோசிக்கப் பழகாதவங்களுக்குத்தான் எந்த மொழியிலயும் கஷ்டம். ஒரு நல்ல வழி சொல்றன். கணக்காய்வாளர் நாயகத்திட அறிக்கைகள் தமிழ்லயும் வரும் இங்கிலீஷ்லயும் வரும். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு திணைக்களத்திட அறிக்கைய ரெண்டு மொழியிலயும் பக்கத்தில பக்கத்தில வச்சு வாசிங்க. விசயம் ஏற்கனவே விளங்கின விசயம், சொல்லு மட்டும்தான் புதுசு, அதால டக்கெண்டு மண்டைக்குள்ள ஏறும். பிறகு அதையே அரைப் பக்கத்துக்கு சுருக்கி எழுதிப் பாருங்க. ஐஇஎல்டிஎஸ் எண்ட இங்கிலீஷ் சோதனைக்கு கிளாஸ்ல படிக்கிற "எனக்குப் பிடிச்ச விடுமுறை" மாதிரியான தலைப்ப விட இது நூறு மடங்கு உதவும்.

கணக்கு எவ்வளவு வரும்?

பயப்பிடுற அளவுக்கு இல்ல. புள்ளிவிபரவியல் அடிப்படை, கொஞ்சம் பொருளியல், செலவு பயன் கணக்குப் பாக்கிறது, எக்செல், பிறகு ஆர் (R) அல்லது ஸ்டேட்டா மாதிரி ஒரு புள்ளிவிபர சொஃப்ட்வெயார். ஏ லெவல்ல கணக்கு விட்டவங்களும் செய்றாங்க. அமெரிக்கால எம்ஐடி, நெதர்லாந்தில டெல்ஃப்ட் மாதிரி கம்பஸுக்குப் போறதெண்டா மட்டும் கணக்குப் பக்கம் பலமா இருக்கணும், அங்க ஒரு பிரச்சினைய கணக்கா மாத்திப் பாக்கிற மொடலிங் வேலை அதிகம்.

இலங்கைல எங்க படிக்கலாம்? எங்கட கிழக்கிலயே இருக்கா?

மொறட்டுவைல தொழில்நுட்ப முகாமைத்துவத்துக்கெண்டே தனியா ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க இதே பேர்ல எம்பிஏ இருக்கு, இலங்கைல இந்தப் பெயருக்கு நேரான படிப்பு எண்டா முதல்ல அதத்தான் சொல்லணும். பொதுக்கொள்கை, பொது நிர்வாகம் பக்கம் எண்டா ஸ்ரீ ஜயவர்தனபுர கம்பஸுக்கு கீழ வாற பிம் (PIM) எண்ட முகாமைத்துவ பட்டப்பின் படிப்பு நிறுவனம், 1986-ல தொடங்கினது, அங்க பொது நிர்வாக மாஸ்டர்ஸ் இருக்கு. அரச உத்தியோகத்தர் எண்டா கொழும்பு 7-ல இருக்கிற ஸ்லிடா (SLIDA) எண்ட அபிவிருத்தி நிர்வாக நிறுவகம், அங்க பொது முகாமைத்துவ மாஸ்டர்ஸ். திறந்த பல்கலைக்கழகத்தில பொதுநலவாய எக்செகியூட்டிவ் எம்பிஏ (MBA), எம்பிஏ (MPA) எண்டு ரெண்டு சோடியா போகும், ரெண்டாவது பொது நிர்வாகத்துக்கு உரியது, தமிழ்ல எழுதக்குள்ள ரெண்டும் ஒண்டாத் தெரியும், விண்ணப்பம் போடக்குள்ள கவனமா பாருங்க. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்புலயே பிராந்திய நிலையம் இருக்கு எண்டுறது எங்களுக்கு ஒரு வசதி.

கிழக்கில ரெண்டு கம்பஸ். வந்தாறுமூலைல கிழக்குப் பல்கலைக்கழகம், 1981-ல கல்லூரியா தொடங்கி 1986-ல பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 1995-ல தொடங்கினது. ரெண்டிலயும் முகாமைத்துவ பீடம் இருக்கு, எம்பிஏ நடக்குது. ஒலுவில்ல இஞ்சினியரிங், தொழில்நுட்ப பீடங்களும் இருக்கு. தொழில்நுட்பக் கொள்கைக்கு ஒரு நல்ல மாஸ்டர்ஸ் தொடங்க ஒலுவில விட பொருத்தமான இடம் இலங்கைல இல்ல எண்டு நான் நினைக்கிறன், காரணம் கீழ துறைமுகத்த பத்தி சொல்லக்குள்ள விளங்கும். அது வாற வரைக்கும் இங்க எம்பிஏ செய்தாலும் ஆய்வுத் தலைப்ப கொள்கைப் பக்கம் திருப்பலாம், அதுக்கு ஒத்துக்கொள்ற சுப்பர்வைசர் கிடைச்சாக் காணும்.

எஸ்எல்கியூஎஃப் லெவல் 9, லெவல் 10 எண்டுறாங்களே, என்ன வித்தியாசம்?

நிறைய பேர் பாக்காம விட்டுட்டு பிறகு கவலைப்படுற விசயம் இது. எஸ்எல்கியூஎஃப் எண்டுறது இலங்கைத் தகைமைச் சட்டகம், எந்தப் படிப்பு எந்தப் படியில நிக்குது எண்டு சொல்றது, அதில 12 லெவல் இருக்கு. மூணு வருஷ டிகிரி 5, நாலு வருஷ விசேட டிகிரி 6, போஸ்ட் கிரஜுவேட் டிப்ளோமா 8. மாஸ்டர்ஸ்ல ரெண்டு வகை, பாடம் மட்டும் படிச்சு முடிக்கிறது லெவல் 9, அதுக்கு ஆகக்குறைஞ்சது 30 கிரெடிட். பாடத்தோட ஆய்வும் செய்து முடிக்கிறது லெவல் 10, அதுக்கு 60 கிரெடிட். எம்ஃபில் 11, பிஎச்டி 12. ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியால வேலை, கிளாஸ்ல இருக்கிறது, வீட்ட வாசிக்கிறது, அசைன்மென்ட் எழுதுறது எல்லாம் சேத்துத்தான்.

பிறகு பிஎச்டி செய்யணும், கம்பஸ்ல லெக்சரரா போகணும் எண்டு கொஞ்சமாவது ஆசை இருந்தா லெவல் 10 எடுங்க. விளம்பரத்தில "ஒரு வருஷத்தில மாஸ்டர்ஸ்" எண்டு பெரிசா போட்டிருந்தா லெவல் என்ன எண்டு முதல் கேளுங்க, ஃபீஸ் பிறகு.

சனி ஞாயிறு கிளாஸுக்கு இங்க இருந்து கொழும்பு போய் வர ஏலுமா?

ஏலும், செய்ற ஆக்கள் இருக்கிறாங்க, ஆனா கஷ்டத்த தெரிஞ்சுகொண்டு இறங்குங்க. வெள்ளிக்கிழமை வேலை முடிச்சு வீட்ட வந்து சாப்பிட்டுட்டு அக்கரைப்பற்றுல இருந்தோ கல்முனைல இருந்தோ மட்டக்களப்புல இருந்தோ நைட் பஸ் ஏறுவாங்க, விடியக்காலை கொழும்புல இறங்கி முகம் கழுவி கிளாஸுக்கு போவாங்க, ஞாயிறு பின்னேரம் கிளாஸ் முடிய திரும்ப பஸ், திங்கள் விடிய இறங்கி நேர ஒஃபிஸுக்கு. பஸ்ல வாசிக்கலாம் எண்டு நினைக்காதீங்க, லைட்ட நிப்பாட்டிடுவாங்க. கோச்சில போனா கொஞ்சம் கால நீட்டலாம்.

ஃபீஸோட பஸ் காசு, தங்குற காசு, சாப்பாடு எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா சில நேரம் ஃபீஸ் அளவுக்கே வந்திடும். வீட்ல சின்னப் பிள்ளை இருக்கிற தாய்மாருக்கு இது இன்னும் பாரம், அந்த சனி ஞாயிறு யார் பிள்ளையப் பாக்கிறது எண்டுறத விண்ணப்பம் போட முதலே புருஷனோட, உம்மாவோட, மாமியோட இருந்து கதைச்சு முடிவெடுங்க. கொரோனாவுக்குப் பிறகு கொஞ்ச கிளாஸ் சூம்ல நடத்துற பழக்கம் வந்திருக்கு, எத்தின வீதம் ஒன்லைன் எண்டு சேர முதல் எழுத்தில கேட்டு எடுங்க, "அனேகமா ஒன்லைன்தான்" எண்டு வாயால சொல்றத நம்பி சேராதீங்க.

வெளிநாட்டில எங்க நல்லம்?

இந்தத் துறை எங்க எப்படி பிறந்தது எண்டு பாத்தா தேடுறது லேசு. இங்கிலாந்தில சசெக்ஸ் கம்பஸ்ல ஸ்ப்ரு (SPRU) எண்ட அறிவியல் கொள்கை ஆய்வு நிலையம், 1966-ல கிறிஸ்டோபர் ஃப்ரீமன் தொடங்கினது. ஒரு நாட்டில புதுசா ஒண்டு உருவாகுறதுக்கு ஒரு கெட்டிக்காரன் மட்டும் காணாது, கம்பஸ், கொம்பனி, பாங்க், அரசாங்கம், ஸ்கூல் எல்லாம் ஒண்டோட ஒண்டு பிணைஞ்சு வேலை செய்யணும் எண்ட தேசிய புத்தாக்க முறைமை எண்ட கருத்த வளத்த ஆக்கள்ல அவர் முக்கியமானவர். அமெரிக்கால எம்ஐடில தொழில்நுட்பமும் கொள்கையும் சேந்த ப்ரோகிராம் 1976-ல வந்தது, கார்னகி மெலன்ல இஞ்சினியரிங்கும் பொதுக்கொள்கையும் ஒரே டிபார்ட்மென்ட். நெதர்லாந்தில டெல்ஃப்ட்ல தொழில்நுட்பம், கொள்கை, முகாமைத்துவத்துக்கு ஒரு பீடமே இருக்கு, மாஸ்ட்ரிக்ட்ல ஐநா பல்கலைக்கழகத்திட மெரிட் நிலையம் இருக்கு, வளரும் நாடுகளப் பத்தி அங்க நிறைய ஆய்வு நடக்கும், எங்கட ஆக்களுக்கு அது நல்லா ஒத்துப்போகும். கேம்பிரிட்ஜ்ல தொழில்நுட்பக் கொள்கைக்கு எம்ஃபில் இருக்கு, பேர் எம்ஃபில் எண்டாலும் ஒரு வருஷத்துக்குள்ள முடியிற மாஸ்டர்ஸ்தான். கிட்ட எண்டா சிங்கப்பூர்ல லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி, பேங்கொக் பக்கம் ஏஐடி (AIT), கொரியால கைஸ்ட் (KAIST), ஜப்பான்ல கிரிப்ஸ் (GRIPS), இந்தியால ஐஐடி டெல்லில பொதுக்கொள்கைப் பள்ளி.

ரேங்க் பாத்து அடுக்காதீங்க. அங்க இருக்கிற பேராசிரியர்மார் எதப் பத்தி எழுதியிருக்கிறாங்க எண்டு பாருங்க. எல்லாரும் செயற்கை நுண்ணறிவும் மின்சாரக் காருமா எழுதிக்கொண்டிருக்கிற இடத்தில நீங்க போய் சிறுபோகத் தண்ணிப் பங்கீட்ட பத்தி ஆய்வு செய்ய நிண்டா ஒரு வருஷம் தனிமையாத்தான் இருக்கும்.

ஸ்கொலர்ஷிப் கிடைக்குமா?

கிடைக்கும், முழுசா விண்ணப்பிச்சவங்களுக்கு. அரைவாசி ஆக்கள் ஃபோர்ம் ஓபன் பண்ணி பாத்திட்டு மூடிடுறாங்க.

செவனிங் எண்டுறது பிரிட்டிஷ் அரசாங்கத்திட ஸ்கொலர்ஷிப், இங்கிலாந்தில ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு. 2 வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க, அத 2,800 மணித்தியாலமா கணக்குப் பாப்பாங்க, வொலண்டியர் வேலையும் சேரும். மூணு கோர்ஸ் தெரிவு போடணும், படிச்சு முடிய 2 வருஷம் இலங்கைல வந்து இருக்கணும். அனேகமா ஆகஸ்ட்ல திறந்து ஒக்டோபர்ல மூடும். ஃபுல்பிரைட் அமெரிக்காவுக்கு. ஜப்பான்ட ஜேடிஎஸ் அரச உத்தியோகத்தருக்கு உரியது, எங்கட பக்கத்து டிஎஸ் ஒஃபிஸ், கச்சேரி, மாகாண சபை ஆக்கள் இத கட்டாயம் பாக்கணும். இந்திய அரசாங்கத்திட ஸ்கொலர்ஷிப்பும் வருஷா வருஷம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்திட ஈரஸ்மஸ் முண்டஸ் எண்டா ரெண்டு மூணு நாட்டில மாறி மாறி படிப்பீங்க, கிடைச்சா ஃபீஸும் இல்ல மாசம் 1,400 யூரோவும் வரும். அதில லூவென், மூன்ஸ்டர், தாலின் மூணு இடமும் சேந்து நடத்துற பொதுத்துறைப் புத்தாக்கம், மின் ஆளுகை படிப்பு இந்தத் தலைப்புக்கு நேரானது.

ஜேர்மனி எண்டா அரசாங்க கம்பஸ் கனக்க இடத்தில ஃபீஸ் இல்ல, ஆனா பேடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில 2017-ல இருந்து வெளிநாட்டு ஆக்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஃபீஸ் இல்லாட்டியும் விசாவுக்கு பாங்க்ல ஒரு தொகை கட்டி வைக்கணும், அந்தக் காசுக்கு வழி பாத்திட்டு விண்ணப்பியுங்க. காணி ஈடு வச்சுப் போற யோசனை இருந்தா நான் தடுப்பன்.

நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். லீவு தருவாங்களா?

தாபனக் கோவைப்படி படிப்பு லீவுக்கு வழி இருக்கு, ஆனா உங்கட சேவை நிரந்தரமாகி இருக்கணும், படிப்பு உங்கட வேலையோட சம்பந்தப்படணும், வெளிநாடு எண்டா திரும்பி வந்து இத்தின வருஷம் வேலை செய்வன் எண்டு முறி கையெழுத்து வைக்கணும், ரெண்டு பேர் பிணை நிக்கணும். அந்த ரெண்டு பேரத் தேடுறதுதான் கனக்க பேருக்குப் பெரிய வேலை. வராம விட்டா அவங்கட சம்பளத்தில கை வைப்பாங்க எண்டுறத விளங்கிக்கொண்டு கேளுங்க, மறைச்சுக் கேக்காதீங்க. கடிதம் பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர் எண்டு படிப்படியாத்தான் மேல போகும், ஒவ்வொரு மேசையிலயும் ஒரு கிழமை படுத்தாலே ஒரு டேர்ம் போயிடும், அதால ஒஃபர் வர முதலே லீவு கேட்டு எழுதிடுங்க.

ஆய்வுக்கு தலைப்பு ஒண்டும் வருதில்ல. என்ன செய்றது?

இதுக்குத்தான் நான் நீட்டி எழுதப் போறன்.

ஒலுவில் துறைமுகத்த எடுங்க. டென்மார்க் கடன்ல கட்டி 2013-ல திறந்தது. அலை தடுக்கிறதுக்கு கடலுக்குள்ள கல்லு அடுக்கி அணை போட்டாங்க. எங்கட கிழக்குக் கரைல மணல் ஒரு இடத்தில நிக்காது, அலையோட சேந்து கரை நீளத்துக்கு நகந்துகொண்டே இருக்கும், கரைவலை இழுக்கிற எந்த மீனவரக் கேட்டாலும் சொல்லுவார். குறுக்க அணை வந்ததும் ஒரு பக்கம் மணல் சேந்து துறைமுக வாயையே அடைச்சது, மற்றப் பக்கம் மணல் வராததால கடல் கரைய அரிச்சு தென்னந்தோட்டத்தையும் காணியையும் எடுத்தது. வள்ளம் போக ஏலாத மீனவர் மணல அள்ளுங்க எண்டுறாங்க, கரையில காணி இழந்த சனம் எங்கட கரைய முதல் காப்பாத்துங்க எண்டுறாங்க, ரெண்டு பக்கமும் எங்கட ஆக்கள்தான், ரெண்டு பக்கத்திலயும் நியாயம் இருக்கு.

இதுக்குள்ள எத்தின ஆய்வு கிடக்கு பாருங்க. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில மணல் நகர்வ பத்தி என்ன எழுதியிருந்தாங்க, மீனவர்ட அனுபவ அறிவ யாராவது எழுதி எடுத்தாங்களா, கடன் குடுத்த நாட்டிட பொறுப்பு எதுவரைக்கும், திருத்துற செலவ யார் ஏற்கிறது. டேவிட் கொலின்ரிட்ஜ் எண்டவர் 1980-ல ஒண்டு சொன்னார், ஒரு தொழில்நுட்பம் புதுசா இருக்கக்குள்ள அத மாத்துறது லேசு, ஆனா அதால என்ன தீமை வரும் எண்டு தெரியாது, தீமை தெரிய வாற நேரம் அது ஆழமா வேரூண்டி இருக்கும், மாத்த காசும் நேரமும் கனக்கப் போகும். இந்தத் துறைல எல்லா இடமும் படிப்பிக்கிற கருத்து அது. ஒலுவில் கடற்கரைல போய் நிண்டு அந்தக் கல்லணையப் பாத்தா அந்த ஒரு வசனம் அப்படியே முன்னால நிக்கும். கம்பஸ் கேட்டுக்குப் பக்கத்திலயே இப்படி ஒண்டு இருக்கிறதாலதான் ஒலுவில்ல இந்தப் படிப்பு வரணும் எண்டு மேல சொன்னன்.

இன்னும் இருக்கு. 2021 மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதிய தடை செய்து கெசட் வந்தது, அதே வருஷம் நவம்பர்ல திரும்ப எடுத்தாங்க. நடுவில மாட்டினது நாடு முழுக்க வயல்காரங்க, அம்பாறை எண்டா நெல்லுதான், சொல்லவே தேவல. சேதனப் பசளை நல்லமா கூடாதா எண்டு தர்க்கம் பண்றது லேசு, ஒரு தொழில்நுட்பத்தில இருந்து இன்னொண்டுக்கு மாற எவ்வளவு காலம் வேணும், யாருட்ட கேட்டு முடிவெடுக்கணும் எண்டுறதுதான் கொள்கை ஆய்வு. சுனாமிக்குப் பிறகு கடற்கரைல வீடு கட்டக்கூடாது எண்டு தெற்கில 100 மீற்றர், வடக்கு கிழக்கில 200 மீற்றர் எண்டு போட்டு பிறகு தளத்தினாங்க, மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை மாதிரி காணிக்கு இடமே இல்லாத ஊர்ல அந்த 200 மீற்றர் என்ன செய்தது எண்டு அந்த ஊர்ப் பிள்ளைதான் நல்லா எழுதும். வாழைச்சேனை கடதாசி ஆலை, வைக்கோல்ல கடதாசி செய்த இடம், ஏன் படுத்தது எண்டு கேட்டா "யுத்தம்" எண்டு ஒரு சொல்லுல முடிச்சிடுவாங்க, மெசின் பழசானது, 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்தது எல்லாம் சேத்து யார் பாத்தாங்க? மருதமுனை கைத்தறி, வாவில இறால் பண்ணை, வெட்டுற மெசின் வந்த பிறகு அருவி வெட்டின பொம்பிளைகள் என்ன வேலைக்குப் போனாங்க எண்டுறது, ஒவ்வொண்டும் ஒரு தீசிஸ்.

தரவு எங்க எடுக்கிறது? ஒஃபிஸ்ல கேட்டா அலைக்கழிக்கிறாங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016-ட 12-ஆம் இலக்கம். தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவல. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். மறுத்தாலோ பதில் வராட்டியோ அதே நிறுவனத்தில குறித்தொதுக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "துறைமுகத்த பத்தின எல்லா விபரமும் தாங்க" எண்டு எழுதினா ஒண்டும் வராது, எந்த வருஷம், எந்த அறிக்கை, எந்தச் செலவு எண்டு கூர்மையா கேளுங்க. குடுத்த திகதிக்கு ஒப்பம் வாங்கி வையுங்க.

அதோட மாவட்டப் புள்ளிவிபரக் கையேடு, பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்ட், மேல சொன்ன கணக்காய்வு அறிக்கை. வயல் தண்ணிய பாக்கிற வட்ட விதானைமாரும் மீனவர் சங்கத் தலைவர்மாரும் கொப்பில எழுதி வச்சிருக்கிற கணக்கையும் பாருங்க, மரியாதையா போய்க் கேட்டா காட்டுவாங்க, ஃபோட்டோ எடுக்க முதல் அனுமதி கேளுங்க, முடிச்ச பிறகு தமிழ்ல ரெண்டு பக்கம் சுருக்கி எழுதி அவங்களுக்கு கொண்டுபோய்க் குடுங்க. கேள்வி கேட்டுட்டு போன பிள்ளைகள் திரும்பி வாறதே இல்ல எண்டு எங்கட சனத்துக்கு ஒரு மனவருத்தம் இருக்கு, அது நியாயமான வருத்தம்.

விண்ணப்பத்தில நோக்கக் கடிதம் எண்டு கேக்கிறாங்களே, எப்படி எழுதுறது?

"சின்ன வயசில இருந்தே எனக்கு தொழில்நுட்பத்தில ஆர்வம்" எண்டு தொடங்கின கடிதம் ஆயிரம் வாசிச்சு களைச்ச ஆக்கள்தான் உங்கட கடிதத்தையும் வாசிக்கப் போறாங்க. நீங்க ஒரு பிரதேச செயலகத்தில வேலை செய்தா, வெள்ள நிவாரணப் பட்டியல் பேப்பர்ல எழுதினதுக்கும் கம்பியூட்டர்ல ஏத்தினதுக்கும் இடையில ஒரு குடும்பத்திட பேர் எப்படி விடுபடுது, அத நீங்க எப்படி கண்டீங்க, திருத்த என்ன செய்து பாத்தீங்க, எங்க முட்டுப்பட்டீங்க, அந்த முட்டுக்கு என்ன படிக்கணும் எண்டு எழுதுங்க. முதல் பந்தியில ஊர், ஆள், வேலை, பிரச்சினை வந்திடணும். யுத்தம், சுனாமி, வறுமைய இரக்கம் வாங்குறதுக்காக எழுதாதீங்க, ஆய்வுக்குத் தேவையெண்டா தலை நிமிர்ந்து எழுதுங்க. ஏஐயக் கேட்டு எழுதி அப்படியே அனுப்பினா உங்கட ஊரும் போய்டும் நீங்களும் போய்டுவீங்க.

படிச்சு முடிய வேலை?

நாட்டில ஆராய்ச்சிக்கு செலவழிக்கிறது மொத்த உள்நாட்டு உற்பத்தில 0.1 வீதத்துக்குக் கிட்ட, கொரியா 4 வீதத்துக்கு மேல. அதால "புத்தாக்க முகாமையாளர்" எண்டு பேர் போட்ட வேலை இங்க குறைவு. ஆனா திட்டமிடல் பிரிவு, மாகாண சபை, டிஜிட்டல் அரசாங்க வேலைகள், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல், பாங்க், சர்வதேச நிறுவனங்கள், சொஃப்ட்வெயார் கொம்பனில ப்ரொடக்ட் மனேஜர் வேலை எண்டு வேற பேர்ல இருக்கு. 2022-ல தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சட்டமும் ஐடியும் ரெண்டும் விளங்கின ஆக்களுக்குத் தேவை கூடியிருக்கு. எங்கட பக்கத்தில ஏற்கனவே அரச வேலைல இருக்கிற ஆக்கள் இத படிச்சிட்டு அதே கதிரைக்குத் திரும்பி வாறதுதான் ஊருக்கு ஆகப் பெரிய லாபம் எண்டு நான் நம்புறன், சம்பளம் உடன கூடாட்டியும்.

ஒரு ஏஜென்சி ஒன்லைன்ல வெளிநாட்டு மாஸ்டர்ஸ் எண்டு சொல்லுது. நம்பலாமா?

கம்பஸ்ட பேர பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுட்ட கேட்டு அங்கீகாரம் இருக்கா எண்டு பாருங்க. இலங்கைத் தனியார் நிறுவனம் எண்டா டிகிரி குடுக்கிற அனுமதி அந்தக் கோர்ஸுக்கே இருக்கா எண்டு பாக்கணும், நிறுவனத்துக்கு இருக்கிறது மட்டும் காணாது. இண்டைக்கே காசு கட்டினா அரைவாசி எண்டு அவசரப்படுத்தினா எழும்பி வந்திடுங்க.

எப்ப தொடங்கணும்?

அடுத்த வருஷம் செப்டம்பர்ல கிளாஸ்ல இருக்கணும் எண்டா இந்த வருஷம் ஜூன் மாசமே. ஐஇஎல்டிஎஸ் 6.5 அல்லது 7 கேப்பாங்க, அது 2 வருஷம்தான் செல்லும். அமெரிக்க கம்பஸ் அனேகமா டிசம்பர், ஜனவரில மூடும். ட்ரான்ஸ்கிரிப்ட் உங்கட கம்பஸ்ல எடுக்க நாள் போகும், பேர் பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, அடையாள அட்டைல ஒரு மாதிரி, டிகிரில இன்னொரு மாதிரி இருக்கிறது எங்கட பக்கம் கனக்க பேருக்கு, தகப்பன்ட பேர முன்னுக்கு எழுதுறதா பின்னுக்கு எழுதுறதா எண்ட சிக்கல் அது, அத முதல் சரி பண்ணுங்க. சிபாரிசுக் கடிதத்துக்கு சேர்மார்ட்ட, மெடம்மார்ட்ட ஒரு மாசம் முந்தியே கேளுங்க, உங்கட மார்க்ஸ், செய்த ப்ரொஜெக்ட், விண்ணப்பிக்கிற கோர்ஸ் எல்லாம் ஒரு பக்கத்தில எழுதி சேத்து அனுப்புங்க, அப்பதான் "நல்ல பிள்ளை, ஒழுங்கா கிளாஸுக்கு வரும்" எண்டதுக்கு மேல நாலு வசனம் அவங்களால எழுத ஏலும்.